வடக்கு அறைப் பெட்டி

அந்தப் பங்களாவை விற்க நான் பட்டது நாய் படாத பாடு. இருபது வருஷமாக ஆரப்பாளையத்தில் உட்கார்ந்து வீடு, நிலம் என்று தரகு பார்க்கிறேன். இடிந்த வீட்டை விற்றிருக்கிறேன். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு செத்த வீட்டைக்கூட விற்றிருக்கிறேன். கல்யாணராமன் சாருடைய பங்களா ஒன்றுதான் என் உயிரை வாங்கியது.

வாங்க வருகிற ஆளிடம் நான் மூச்சு விடாமல் ஒப்பித்து வந்தது இதுதான்: பேரையூருக்கு நாலு மைல் முன்னால், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். பருத்தி வாங்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவன் கட்டியது, நூறு வருஷம் ஆகப்போகிறது. எட்டு அறை, பதினெட்டு அடி உயரம், அத்தனையும் பர்மா தேக்கு உத்தரம். சித்திரை வெயிலில் சுவரில் கன்னத்தை வைத்தாலும் சில்லென்று இருக்கும். பதினாலு ஏக்கர், இரண்டு கிணறு. துரையிடமிருந்து ஹாலாஸ்யம் வக்கீல் வாங்கினார், அவர் மகன்தான் மதுரையில் பேங்கில் இருக்கும் கல்யாணராமன். பத்திரத்தில் ஒரு வில்லங்கமும் கிடையாது.

பத்திரத்தில் கிடையாதுதான். வில்லங்கம் வடக்கு அறை உத்தரத்திலிருந்து நீளக் கயிற்றில், ஓர் ஓலைப் பெட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பங்களாவைக் காவல் பார்த்தவள் சோலையம்மாள். ஐம்பது வயதுகூட இருக்காது. புருஷன் மலையாண்டி சின்ன வயதிலேயே செத்துப்போனான், ஒரே மகள் முத்துத்தாய். எழுபத்திரண்டு மே மாதத்தில் வக்கீல் குடும்பம் லீவுக்கு வருகிறது என்று தாயும் மகளும் மெத்தைகளை வெயிலில் போட எடுத்திருக்கிறார்கள். மெத்தை மடிப்பில் கிடந்த பாம்பு பிள்ளையைக் கடித்துவிட்டது. பதினாறு வயது. வக்கீல் கார் வந்து நின்றபோது அவள் வடக்கு அறையில் நுரை தள்ளிக் கிடந்தாளாம். காரில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போகலாமா, வைத்தியரை இங்கே கூட்டி வரலாமா என்று பேசி முடிப்பதற்குள் பிள்ளை போய்விட்டாள். பேசிக்கொண்டு நின்றது யார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத பெண் செத்தால் அவள் வீட்டுக்குச் சாமி. அவளுடைய பாவாடை தாவணி, வளையல், சீப்பு எல்லாம் ஓலைப் பெட்டியில் வைத்து, உயிர் போன இடத்திலேயே உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். கன்னிப் பெட்டி என்று பெயர். தைக்குத் தை இறக்கிப் புதுத்துணி வைத்து, பொங்கலிட்டுக் கும்பிட்டு, மறுபடி ஏற்றிவிட வேண்டும். அவள் உத்தரவு கொடுக்காமல் வேறு வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஹாலாஸ்யம் வக்கீல் அன்றைக்கிருந்த மனக்கஷ்டத்தில், "இங்கயே இருக்கட்டும்மா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். வாக்கு வந்து என் தலையில் விடிந்தது.

எழுபத்தொன்பதில் மட்டும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பசுமலையில் இருக்கும் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து மயங்கியே போனார். ஊஞ்சலை எங்கே போடுவது என்பதுவரை பேசியாகிவிட்டது. வடக்கு அறைக்குள் போனார், அண்ணாந்து பார்த்தார். "என்னய்யா அது?" என்றார். சொன்னேன். "அடுத்த வீட்டுக் கன்னிய வச்சிக்கிட்டு நான் எப்படிய்யா குடும்பம் நடத்துறது?" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் காருக்கு ஓடினார். மற்ற இரண்டு பேரும் அதே அறையிலிருந்துதான் திரும்பினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சோலையம்மாளைப் பிடித்துக் கத்தினேன். "ஏம்மா, ஊர்ல ஒனக்கு அண்ணன் தம்பி இல்லையா? இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போய் அங்கன கட்டினா என்ன கொறஞ்சு போகுது?"

அவள் கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். எத்தனை கத்தினாலும் காப்பி கொடுக்காமல் விடமாட்டாள், அது வேறு எரிச்சல். "அவ இருக்கிற எடத்துலதானண்ணே நான் இருக்க முடியும்? வீட்ட ஆரு வேணா வாங்கிக்கிறட்டும். இந்த ஒத்த ரூம்ப மட்டும் விட்டுறச் சொல்லுங்க. நான் கூட்டிப் பெருக்கிக்கிட்டுச் செவனேன்னு கெடப்பேன்" என்றாள்.

ஒற்றை அறையை விட்டுவிட்டு ஒரு வீட்டை எப்படி விற்பது? நீங்களே சொல்லுங்கள்.

நாலாவது ஆள் முத்திருளன். பேரையூரில் ரைஸ் மில் வைத்திருப்பவன். அவனுக்குக் குடியிருக்க வீடு வேண்டாம், பங்களாவைப் பிரித்துத் தேக்கை விற்றுவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மில் போட வேண்டும். இவனாவது பெட்டியைப் பார்த்துப் பயப்படமாட்டான் என்று நினைத்தேன். அவன் அறைக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்: "அண்ணே, பெட்டி தொங்குற கூரையில என் ஆளு ஒருத்தனும் கடப்பாரை வைக்கமாட்டான். நானும் பொம்பளப்பிள்ள பெத்தவன். அந்தப் பிள்ள உத்தரவு குடுத்து, அந்தம்மா சம்மதிச்சாத்தான் பத்திரம்."

கல்யாணராமன் சாரிடம் போய்ச் சொன்னேன். பேங்க் வராந்தாவில் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அப்பா குடுத்த வாக்கை நான் மீறமுடியாது, கருத்தக்கண்ணன். ஆனா அவளா போறேன்னா அது மீறினதாகாது, இல்லையா? நீங்க பாத்துக்கோங்கோ" என்றார். இந்தப் 'பாத்துக்கோங்கோ' இருக்கிறதே, இருபது வருஷத்தில் எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்! பாவத்தை நீ செய், என் காதில் விழாமல் செய் என்று அர்த்தம்.

பார்த்துக்கொண்டேன்.

சாமியிடம் உத்தரவு கேட்பதற்கு எங்களில் ஒரு வழி உண்டு. ஒரு காகிதப் பொட்டலத்தில் திருநீறும் இன்னொன்றில் குங்குமமும் மடித்து, பெட்டிக்குக் கீழே போட வேண்டும். கேட்கிறவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுப்பாள். திருநீறு வந்தால் சரி, குங்குமம் வந்தால் வேண்டாம். என்ன கேட்டாள் என்பது அவளுக்கும் சாமிக்கும் மட்டும்தான், வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

பஸ் ஏறுவதற்கு முன்னால் ஆரப்பாளையம் டீக்கடை பெஞ்சில் வைத்து இரண்டு பொட்டலமும் மடித்தேன். இரண்டிலும் திருநீறு. நான் சாமி இல்லை என்கிறவன் அல்ல. ஆனால் பேரையூர் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. சோலையம்மாள் தலைக்குக் குளித்து ஈரத்தோடு வந்து நின்றாள். உத்தரவு கேட்டுவிடலாம் என்று நான் சொன்னதும் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கே ஆச்சரியம். பெட்டிக்கு நேர் கீழே பொட்டலங்களைப் போட்டேன். அவள் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

திருநீற்றைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "சரின்னுட்டாண்ணே! எந்தாயி சரின்னுட்டா! ஏழு வருசத்துல இன்னைக்குத்தாண்ணே எங்கிட்டப் பேசியிருக்கா" என்றாள். அந்தத் திருநீற்றை அவள் பூசிக்கொண்டு எனக்கும் பூசிவிட்டாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் தாசில்தாருக்கே முடித்திருக்கலாமே என்று அந்த நேரத்தில் நினைத்தேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது?

பிரிக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போடுவதுதான் வழக்கம். போடுவதற்காகக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "இதும் அவ தொட்டதுதானண்ணே, அவகிட்டயே இருக்கட்டும்" என்று ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சாமி பெட்டிக்குள் போனதை யார் பிரிக்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உத்தரவு வந்துவிட்டது என்று முத்திருளனிடம் சொன்னேன், அடுத்த வாரமே பத்திரம் முடிந்தது. கல்யாணராமன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்படி முடித்தேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் முத்திருளன் ஆள் விட்டு அழைத்தான். போய்ப் பார்த்தால் பங்களாவுக்குத் தலை இல்லை. ஏழு அறைக்கும் ஓட்டைப் பிரித்து, உத்தரங்களை இறக்கி, முற்றத்தில் பிணம் மாதிரி வரிசையாகப் போட்டிருந்தார்கள். நூறு வருஷமாக வெயில் படாத தரையில் வெயில் அடித்தது. வடக்கு அறை மட்டும் கூரையோடு நின்றது. உள்ளே சோலையம்மாள் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மேலே பெட்டி.

"என்னம்மா இது! உத்தரவு வாங்கி இம்புட்டு நாளாச்சு, இன்னும் கெளம்பலையா?"

அவள் என்னை வித்தியாசமாகப் பார்த்தாள். "எங்கண்ணே கெளம்ப? அவதான் இருக்கச் சொல்லிட்டாளே."

"யாரு சொன்னா?"

"நீங்கதானண்ணே பக்கத்துல இருந்தீக. திருநீறு வந்துச்சுல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லக் கூடாது, ஆனா நீங்க கேட்டதுனால சொல்றேன். 'தாயி, என்ன ஆனாலும் நான் இங்கனயே ஒங்கூட இருந்துக்கிறவா'ன்னு கேட்டேன். சரின்னுட்டா."

போகவா என்றுதான் கேட்பாள் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்கப்போகிறாய் என்று அவளிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அட முட்டாப்பயலே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முத்திருளன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் கைக்காசு போட்டு வாங்கியவன். "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சு விடுங்க. இல்லாட்டி நான் வெளியூர் ஆளக் கூட்டியாந்து, கயித்தப் போட்டுச் சொவத்த இழுக்கச் சொல்லிருவேன். அவங்களுக்குக் கன்னியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது" என்றான்.

நான் அவளிடம் கெஞ்சினேன். அவள் அசையவில்லை. "இழுக்கட்டும்ணே. எம்மக பாத்துக்கிருவா" என்று கஞ்சியைக் கிண்டினாள். அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து மண்டைக்கு ஏறின. சுவர் இவள்மேல் விழுந்தால் கொன்றவன் நான்தானே!

"அவ ஒண்ணும் சொல்லலம்மா! நான்தான் சொன்னேன்! ரெண்டு பொட்டலத்துலயும் திருநீறுதான் வச்சேன். சந்தேகம்னா பெட்டிக்குள்ள கெடக்குறத எடுத்துப் பிரிச்சுப் பாரு!"

கத்திய பிறகுதான் கத்தியது எனக்குக் கேட்டது. வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்திருளன் மெல்லச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கினான்.

சோலையம்மாள் அகப்பையை வைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவிப் பொட்டலத்தை எடுத்தாள். ஸ்டூலின் மேல் நின்றபடியே பிரித்தாள். திருநீறு அவள் விரலிடுக்கில் வழிந்து கீழே கொட்டியது.

என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவ ஒண்ணுமே சொல்லலையாண்ணே?" என்று கேட்டாள்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

இறங்கினாள். கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியை அடுப்பிலேயே கவிழ்த்துத் தீயை அணைத்தாள். பானையைக் கழுவினாள், பாயைச் சுருட்டினாள், இரண்டு சேலையை அதற்குள் திணித்தாள். யாரையும் பார்க்காமல் வாசல் வரைக்கும் போய்விட்டாள். பெட்டி மேலேயே தொங்கியது.

"ஏம்மா, பெட்டிய விட்டுட்டுப் போறியே!" என்று பின்னாலேயே ஓடினேன்.

அவள் நிற்கவில்லை. "அதுல துணிதாண்ணே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

தாய் விட்டுப்போன பெட்டியை அங்கே ஒருவனும் தொடமாட்டேன் என்றுவிட்டான். நான்தான் ஏறி அவிழ்த்தேன். ஒரு கோழி அளவுகூடக் கனமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தேன். ராக்கம்மாள், என் வீட்டுக்காரி, மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளே கயிறு எடுத்துக் கொடுத்தாள், சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் கட்டித் தொங்கவிட்டேன். சோலையம்மாள் பேரையூரில் மிளகாய்க் கமிஷன் கடையில் காம்பு கிள்ளுகிறாள். இரண்டு தடவை போய், பெட்டி இருக்கிற எங்கள் வீட்டுக்கே வந்துவிடு என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "நல்லா இருக்கீகளாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொள்கிறாள்.

நாலு தை போய்விட்டது. வருஷா வருஷம் ஜவுளிக்கடையில் பதினாறு வயசுப் பிள்ளைக்கு என்று சொல்லிப் பாவாடை தாவணி எடுக்கிறேன். பெட்டியை இறக்குகிறேன், துணியை வைக்கிறேன், கும்பிடுகிறேன். இதுவரை ஒரு தடவைகூட நான் அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்டதில்லை.