புறங்கை

ருவான்வெல்லைக்கு மேலே, தோட்டத்து ரப்பர் ஆலை. திங்கள், விடிகிற நேரம். உறைந்த பால் கட்டிகளைத் தொட்டியிலிருந்து தூக்கி உருளை இயந்திரங்களின் அருகே அடுக்கினார்கள் எட்டுப் பெண்கள். வெறுங்கால், ஈரத்தரை. அசிட் நெடி கண்ணில் ஏறியது.

ஸ்விட்ச் போட்டதும் ஒருத்தி இயந்திரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கை என்றால் கரண்ட் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும். போன செவ்வாய் தொட்ட பரிமளத்தையும் உதறியது. அவள் வழுக்கி இயந்திரத்தின் மேலேயே விழுந்தாள். பிணத்தைத் தூக்கிய பிறகுதான் ஆலையை மூடினார்கள்.

வெள்ளியன்று கேகாலையிலிருந்து மின் பரிசோதகர் ஸாஜித் வந்தார். சுவரோரம் ஓடும் பஸ்பார் பெட்டியைத் திறந்தார். ஆலை முழுவதற்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் செப்புப் பட்டைகள் களிம்பேறிப் பச்சையாகக் கிடந்தன. அவற்றைத் தாங்கும் கட்டைகளில் ஈரம். கசிவு பார்க்கும் மீட்டரின் முள் எழவே இல்லை; கரண்ட் வெளியே கசியும் என்று அர்த்தம். எர்த் வயர் அறுந்திருந்தது. மாற்றும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டார். தோட்ட மேலாளரான தொரை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று ஸ்விட்சைப் போட்டவரும் அவர்தான்.

பரிமளத்தின் இடத்தில் அவள் மகள் துஷாந்தினி நின்றாள். பத்தொன்பது வயது.

"தாய்க்குப் பதிலா மகளுக்கு வேலை குடுத்திருக்கேன். எந்தத் தோட்டத்துல குடுப்பாங்க?" என்றார் தொரை. "புதுசா வந்தவதானே மொதல்ல தொடணும்? அது உங்க வழக்கம். நான் போட்ட சட்டமில்ல."

துஷாந்தினி கையைத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற விஜயகலா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தப் பெட்டிக்கு டோர்ச் புடிச்சவ நாந்தாங்க தொரை. தாள வாசிங்க."

"ஒனக்கு இங்லிஷ் தெரியுமா?"

"ஸாஜித் ஐயா தமிழ்லயே சொன்னாருங்க."

"பால் அழுகிப் போகும்."

"அழுகட்டுங்க."

இருளாயி சொன்னாள்: "தொரை பூட்ஸ் போட்டிருக்காரு. ஒண்ணும் ஆகாது. வாங்க தொரை, புறங்கையாலதான்."

யாரோ சிரித்தார்கள். தொரை ஈரத்திலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"வெளிய போங்க. லொறியில ஆள் வருது."

எட்டுப் பேரும் வெளியே போய் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். லொறியில் வந்தவர்கள் சிங்களவர்கள், கடைவீதிக் கூலிகள். நடந்ததை விஜயகலா சிங்களத்தில் சொன்னாள்.

"மொதல்ல தொட்டது யாரு?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்கம்மா," என்றாள் துஷாந்தினி, அவன் மொழியில்.

அவன் சாரத்தை மடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு இன்னும் மூவர். மற்றவர்கள் லொறியை விட்டு இறங்கவில்லை. தொரை பொலிசுக்கு போன் எடுத்தார்.

பெண்கள் நெருங்கி உட்கார்ந்து அந்த நால்வருக்கும் இடம் விட்டார்கள்.