துரை வேஷம் யாருக்கு

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஒத்திகையில் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக் குடியரசு தின விழாவுக்கு 'ஆரணி அன்றும் இன்றும்' என்று ஒரு நாடகம் எழுதித் தரும்படி ஸ்வர்ணலதா டீச்சர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கப் போனேன்.

2

இந்தக் கதைக்கு முதல் தொடக்கம்: 'பல்லவர் காலம் தொட்டே ஆரணியானது...'

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: 'மராத்தி பேசிய ஜாகீர்தார், உருது பேசிய நவாபின் ஆட்கள், தெலுங்கும் சௌராஷ்டிரமும் பேசிய நெசவாளர்கள் எல்லாரும் சண்டை சச்சரவில்லாமல்...'

பொய். நன்றாகவே சண்டை போட்டார்கள். போட்டுக்கொண்டே ஒரே சந்தையில் கத்தரிக்காயும் வாங்கினார்கள்.

சரி, நேரே பிரிஸில்லாவிடம் போய்விடுகிறேன்.

3

பிரிஸில்லா ஏழாம் வகுப்பு. அப்பா தேவநேசன் பட்டுத்தறி நெய்கிறவர். நாடகத்தில் நவாபு, ஜாகீர்தார், நெசவாளர்கள், வெள்ளைக்கார துரை எல்லாரும் உண்டு. சுதந்திரம் வந்ததும் துரை மேடையை விட்டு ஓட வேண்டும். மற்றவர்கள் கொடி பிடித்து நிற்க வேண்டும்.

துரை வேஷம் பிரிஸில்லாவுக்கு.

அழைத்துப்போக வந்த அப்பாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "நெசவுக்காரியா நிக்கிறேன்னு கேட்டேம்பா. உன் பேருக்கு இதான் சரின்னுட்டாங்க. கடைசில எல்லாரும் கொடி புடிச்சிகினு நிப்பாங்க. நான் மட்டும் உள்ள ஓடணுமாம்."

தேவநேசன் டீச்சரிடம் போனார்.

"ஏங்க டீச்சர், எங்க முப்பாட்டன் பஞ்சத்துல பாதிரிங்க கஞ்சி ஊத்துனாங்கன்னு வேதத்துல சேந்தாரு. அதுக்குன்னு வெள்ளக்காரனா ஆயிட்டாரா? நீங்ககூடத்தான் வூட்ல தெலுங்கு பேசறீங்க. உங்கள யாராச்சும் வெளிய போங்கன்னாங்களா?"

"ஐயோ, அப்படி நெனச்சு குடுக்கலைங்க. இங்கிலீஷ் டயலாக்கை அவதான் தடுமாறாம பேசறா."

"பேசட்டும்ங்க. அதுக்கு எதுக்கு பேர இழுத்தீங்க?"

டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று.

(என் வீட்டில் கன்னடம். ஆரணியில் என்னை இதுவரை யாரும் மேடையிலிருந்து இறக்கியதில்லை.)

4

டீச்சரை வில்லியாக்கிவிடலாம், கதைக்கு வசதி. ஆனால் போன மாதம் பிரிஸில்லாவுக்குக் காய்ச்சல் அடித்தபோது ஆட்டோ வைத்து வீடுவரை கொண்டுபோய் விட்டவர் இந்த அம்மாதான். நல்ல மனசுக்காரர்களும் சில சமயம் யோசிக்காமல்...

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

5

முடிவு ஒன்று: டீச்சர் வேஷத்தை மாற்றிவிடுகிறார். எல்லாருக்கும் சந்தோஷம். அப்படியானால் துரை யார் என்று கேட்பீர்கள். அதே வகுப்பில் சார்லி என்று ஒரு பையன் இருக்கிறான்.

முடிவு இரண்டு: துரையையே நாடகத்திலிருந்து எடுத்துவிடுவது. பிறகு சுதந்திரம் யாரிடமிருந்து வாங்கினோமாம்?

முடிவு மூன்று: "கடைசி சீன நீங்களே மாத்திக் குடுத்துடுங்க சார்" என்று டீச்சரே என்னிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மாற்றினேன். துரை உள்ளே ஓடுகிறான். பிரிஸில்லா தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வருகிறாள், நெசவாளர்களின் நடுவில் நின்று கொடி பிடிக்கிறாள்.

தேவநேசன் படித்துவிட்டுத் தலையாட்டினார். பிரிஸில்லா படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் திரும்பி வந்து நிக்கிறப்போ சிரிப்பாங்களா சார்?"

அதற்கு என்னால் வசனம் எழுத முடியாது. மேடைக்கு எதிரில் உட்காரப்போகிறவர் நீங்கள்.