துடைக்கப்பட்ட குறிப்புகள்

புரோகிராம் என் மெஷினில் ஓடுகிறது. டெலிவரிக்குத் தயார்செய்யும் பில்ட் சர்வரில் ஓடவில்லை. இரண்டு நாளாக இதே பாட்டு. அதே கோட், அதை மெஷின் பாஷைக்கு மாற்றும் அதே கம்பைலர், அதே வெர்ஷன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டும் பார்த்தாயிற்று. அங்கே மட்டும் நாற்பத்தோரு இடத்தில் சிவப்பாகக் கத்துகிறது, இந்தக் கேஸ், அதாவது இந்தக் கோட் துண்டு, நிற்காமல் அடுத்த கேஸுக்குள் விழுகிறது என்று. விழட்டுமே! விழவேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது.

எழுதியவன் தாடி, நான் வைத்த பெயர். நாலு வருடம் பக்கத்து சீட். எட்டு மாதத்துக்கு முன்னால் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். போகப்போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீம் முழுக்க வந்த மெயிலில், பத்தொன்பது பேரில் ஒருத்தியாகத் தெரிந்துகொண்டேன். வந்த கோபத்தில் அவனுடைய கடைசி நாளன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் குப்புறப் படுத்துக்கிடந்தேன். பிறகு இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை. அவனும் விட்டுவிட்டான். இப்போது அவனோடு பேசாமல் இருக்கமுடியவில்லை, ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

மேனேஜர் வந்து என் சீட்டுக்குப் பின்னால் நின்றார்.

"என்னம்மா, இன்னுமா? நாளைக்குக் காலைல டெலிவரி."

"பாத்துட்டே இருக்கேன் சார்."

"அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுமே. நீங்க ரெண்டு பேரும்தான் ஒட்டிக்கிட்டே திரிவீங்க."

"நம்பர மாத்திட்டான் சார்" என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன்.

மதியம் கேன்டீனில் இரண்டு பேர் உட்காரும் மேஜைதான் கிடைத்தது. "இங்க யாராவது வராங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றதும் எதிர் நாற்காலியை இழுத்துக்கொண்டு தன் கூட்டத்தோடு போய் உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டோடு எழுந்து வந்துவிட்டேன்.

வந்து, முதல் நாளே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். சர்வர் கம்பைலருக்கு உண்மையில் எதைத்தான் கொடுக்கிறது என்று திறந்து பார்த்தேன். வேகமாக ஓடவேண்டும் என்று போன வாரம் சர்வரை மாற்றியிருக்கிறார்கள். இப்போது கோடைக் கம்பைலருக்குத் தயார்செய்யும் ப்ரீப்ராசசர் முதலில் தனியாக ஓடி, எல்லாவற்றையும் விரித்து ஒரே நீளக் கோப்பாக்கி இன்னொரு மெஷினுக்கு அனுப்புகிறது. அங்கிருக்கும் கம்பைலர் அதை மட்டும்தான் படிக்கிறது.

ஒரு கேஸ் நிற்காமல் அடுத்ததற்குள் போனால், நிறுத்த மறந்துவிட்டாயோ என்று கம்பைலருக்குச் சந்தேகம் வரும். தெரிந்துதான் விட்டேன் என்று அந்த இடத்தில் ஒரு கமென்ட், அதாவது சின்னக் குறிப்பு, எழுதினால் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பின்னால் ஒரு டேஷ் போட்டுவிட்டு என்ன உளறினாலும் கண்டுகொள்ளாது. தாடிக்கு அது போதுமே. டேஷுக்குப் பின்னால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துவைப்பான். அத்தனை கமென்டையும் ப்ரீப்ராசசர் வழியிலேயே துடைத்துவிட்டிருந்தது. அவன் பேசியிருந்த இடமெல்லாம் வெற்று வரி. கம்பைலரைச் சொல்லிக் குற்றமில்லை, அதன் காதுக்கு ஒன்றும் போய்ச்சேரவில்லை.

கமென்டுக்குப் பதிலாக, ப்ரீப்ராசசர் தொடாத ஒரு குறிச்சொல் இருக்கிறது. நாற்பத்தோரு இடத்திலும் அதைப் போட்டால் தீர்ந்தது. ஒரே கட்டளையில் மாற்றியிருக்கலாம், மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே மாற்றினேன். 'தெரிஞ்சுதான் விட்டேன், கத்தாத.' 'வழுக்கி விழுந்தா கம்பெனி பொறுப்பில்ல.' 'பசிக்குது, மிச்சத்த அடுத்த கேஸ் பாத்துக்கும்.' தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இப்போது பிரின்டர் பேப்பர் அடுக்கியிருக்கிறது.

முப்பத்தேழாவது கமென்டைச் சேர்த்த தேதி வரிக்குப் பக்கத்திலேயே இருந்தது, நான் லீவு போட்ட அந்த நாள்.

'சொல்லணும்னு ரெண்டு தடவ உன் சீட்டுக்கு வந்தேன். உங்கப்பா ரிப்போர்ட்ட கைல வெச்சுக்கிட்டு அழுதுட்டிருந்த. அப்ப போய் எப்படிச் சொல்றது? நீயே சொல்லு சிடுமூஞ்சி.'

அடப்பாவி. அப்பாவுக்கு அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிவி சத்தத்துக்காக அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். எட்டு மாதமாக இந்தக் கோப்பு என் மெஷினில் தினமும் ஓடியிருக்கிறது. கம்பைலர் தினமும் இதைப் படித்திருக்கிறது. நான் ஒரு நாள் கூடத் திறந்து பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி நாலையும் மாற்றினேன். குறிச்சொல்லைப் பக்கத்தில் சேர்த்ததோடு சரி, அவன் எழுதியதில் ஒன்றையும் அழிக்கவில்லை.

நாலரை மணிக்கு சர்வரில் எல்லாம் பச்சையாக வந்தது. மேனேஜர் தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டினார். நான் போனை எடுத்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தான். பின்னால் யாரோ கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம்.

"நான்தான்."

"தெரியுது."

மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"பில்ட் உடைஞ்சிடுச்சுடா" என்றேன்.

கீபோர்டுச் சத்தம் விலகியது, ஒரு கதவு சாத்தப்பட்டது.

"எந்த லைன்?" என்றான்.

"நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரையில் பச்சையாக இருந்த ஜன்னலை மூடி, கோப்பை முதல் வரிக்கு ஏற்றினேன்.