ஷர்வின் நிறுத்திய மாத்திரை

13 ஆகஸ்ட் 2025, புதன்

நேற்றைய குறிப்பில், தசைப்பிடிப்புக்கு லோராசெபாம் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தேன். தவறு. அதற்குக் கொடுப்பது டயசெபாம். லோராசெபாம் பதற்றத்துக்கும், கொஞ்ச காலத்துக்கு மட்டும் தூக்கமின்மைக்கும், நிற்காத வலிப்பை அடக்க ஊசியாகவும் பயன்படுகிறது. திருத்திவிட்டேன்.

நேற்று இன்னொன்றும் செய்தேன்.

ஈப்போவில் மருந்தக உதவியாளர் மாலை வகுப்பில் ஷர்வின் எனக்குப் பக்கத்து நாற்காலி. நான் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிப் படிப்பவன். அவன் நோட்டே கொண்டுவருவதில்லை. போன தேர்வில் அவனுக்குத் தொண்ணூற்றொன்று, எனக்கு அறுபத்தெட்டு. நேற்று வகுப்பு முடிந்து அமீர் அண்ணன் கடையில் தேநீர் குடிக்கும்போது, தன் அம்மாவின் தூக்க மாத்திரையை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னான். அவன் அம்மா கலாதேவி ஆன்ட்டிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான்கு வருடமாகப் படுக்கும் முன் ஒரு லோராசெபாம்.

"மாத்திரைக்கு அடிமையாயிட்டாங்க, அதான் எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிட்டேன்லா. ரெண்டு நாளு தூக்கம் வராது, அப்புறம் ஓகே ஆயிரும்."

"உங்கம்மா குடுத்து வெச்சவங்க ஷர்வின்," என்றாள் எங்களோடு படிக்கும் தினேஸ்வரி. என்னிடம் அவள் கேட்பதெல்லாம் பேனா.

எனக்குத் தெரிந்திருந்தது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மாத்திரை கூட்டுகிறது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் மூளை அதற்குப் பழகி, மாத்திரை இல்லாமல் அமைதியாக முடியாமல் போகிறது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வலிப்புகூட வரலாம். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் தினேஸ்வரி சிரிப்பாள் என்பது பாதிக் காரணம். அவன் ஒருமுறையாவது தோற்கட்டும் என்பது மீதி.

இன்று மாலை ஐந்து மணிக்கு, லகாட் நிறுத்தத்தில் வகுப்புக்குப் போகும் பேருந்துக்கு நின்றபடி புத்தகத்தை மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் நினைத்திருந்தேன். அவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"என்னடா மச்சான், ஜெலஸா உனக்கு?"

"ஆமா. அத அப்புறம் பேசிக்கலாம். ஆன்ட்டிக்குக் கை நடுங்குதா?"

அவன் சிரிப்பு நின்றது. "காலையிலேர்ந்து தண்ணி கிளாஸ் பிடிக்க முடியல. ஒடம்பெல்லாம் வேர்வை. பசி மயக்கம்னு மைலோ கலக்கிக் குடுத்தேன்லா."

"மாத்திரைக் கவர எடுத்துக்கிட்டு எமர்ஜென்சிக்குப் போ. இப்பவே."

பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்பில் அவர்கள் வீடு. அங்கிருந்து மருத்துவமனை பத்து நிமிடம். நான் போய்ச் சேர்ந்தபோது ஆன்ட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலிப்பு வரவில்லை. மருத்துவர் மாத்திரையை மீண்டும் தொடங்கி, வாரம் வாரமாகக் குறைக்க ஓர் அட்டவணை கொடுத்தார். சீக்கிரம் கூட்டி வந்தது நல்லது என்று ஷர்வினின் தோளைத் தட்டினார். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. "கிளாஸ விட்டுட்டா வந்தியாப்பா," என்று ஆன்ட்டி என் கையைப் பிடித்தபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

வெளியே வந்ததும் ஷர்வின் அட்டவணையை நீட்டினான். "அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நீ தமிழ்ல எழுதிக் குடு யுகா. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்." பிறகு தாழ்ந்த குரலில், "தினேஸ்வரிகிட்ட சொல்லிராத மச்சான்."

சரி என்றேன். சொன்னால், நேற்று நான் தெரிந்தே சும்மா இருந்ததையும் சொல்ல வேண்டிவரும். அப்படியும் சொல்லத்தான் ஆசையாக இருக்கிறது.

நாளை: அட்டவணையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வாரத்தின் அளவையும் மருத்துவரின் தாளோடு இரண்டு முறை சரிபார்த்து, நான் வேலைக்குப் போகும் முன் கலாதேவி ஆன்ட்டியிடம் கொடுக்க வேண்டும்.