டப்பாவின் அடியில் எழுதியிருப்பது

1

இந்தக் கதை எனக்கு முத்தியால்பேட்டையில், செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றபோது கிடைத்தது. எதிரே ஒரு பிளாஸ்டிக் கடை. அங்கே ஒரு பெண் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த பெரியவர், தன் சட்டைப்பையை யாரோ சோதனை போடுவதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு வந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன். அவள் யார், அவருக்கு என்ன உறவு, ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவளை அவருடைய மருமகளாக்கினேன். வாடிக்கையாளராக இருந்தால் பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவாள். மருமகள் சாயங்காலம் அதே வீட்டில், அதே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாக வேண்டும். கதை எழுதுகிறவருக்கு அது வசதி.

2

முதல் தொடக்கம்: "மனிதன் உணவைச் சேமிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே பாத்திரம் என்பது அவனுடைய"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே அடுத்த பக்கம் திருப்ப மாட்டேன்.

இரண்டாவது: "அரீபா கொதிக்கிற பருப்புத் தால்சாவை ஊற்றியபோது சிவப்பு டப்பா லேசாக முனகியது." இது இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் சூடாக எதையாவது ஊற்றிப் பாருங்கள், முனகும். (இல்லை, ஊற்றாதீர்கள். என் பேச்சை நம்புங்கள்.)

அவள் ஏன் ஊற்றினாள் என்று சொல்ல வேண்டும். மாமியார் நபீசா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதுவரை அடுப்படி அவர் ராஜ்ஜியம். அரீபாவுக்கு அரியாங்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வண்டியில் ஆற்றைத் தாண்டினால் இருட்டும்போதுதான் திரும்புவாள். கணவன் ஸாகிப் நோணாங்குப்பம் படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கிறான். ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை என்றால் அவனுக்கு அன்றுதான் மூச்சுவிட நேரம் இருக்காது. (புதுச்சேரிக் கதையில் ஒருவராவது பிரான்சில் இருப்பார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த வீட்டில் யாரிடமும் பாஸ்போர்ட்டே இல்லை.)

வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அரீபா யோசித்தாள். பிடித்த வேலை, மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து, பாதியை ஃபிரிட்ஜிலும் பாதியை ஃபிரீசரிலும் வைத்துச் சமாளித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தாள். மாமனார் ஜெய்னுலாபுதீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம வீட்ல டப்பாவுக்கா பஞ்சம்?" என்று கடையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள்.

மறுநாள் நபீசா இடது கையால் தால்சாவை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். உடனே துப்பினார்.

"பருப்பு வெந்திருக்குது," என்றார். "டப்பாவும் வெந்திருக்குது."

டப்பாவின் வயிறு கோணிப்போயிருந்தது. தால்சா முழுக்கக் குப்பைக்குப் போனது. ஞாயிறு பூரா நின்ற கால் இன்னும் வலிக்க, அரீபா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

3

அந்த வாரமே நேரு வீதிப் பக்கம் போய், சூடு தாங்கும் கண்ணாடி டப்பாக்கள் வாங்கி வந்தாள். வாங்கியது தப்பில்லை. இன்னொரு கடையின் பெயர் கொட்டை எழுத்தில் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு மாமனார் கடை வாசல் வழியாக வந்ததுதான் தப்பு.

"நம்ம கடையில இல்லாததாம்மா?"

"சூடு தாங்கறது வேணும் மாமா."

"இந்தத் தெருவுல பாதி வீட்ல என் டப்பாதான் இருக்குது. ஒருத்தரும் வந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. என் மருமவளே வேற கடப் பையோட வந்தா, நாளைக்கு எவன் என் கடையில ஏறுவான்?"

அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் நபீசா வழியாகத்தான்.

"உப்பு கம்மின்னு சொல்லு."

"உப்பு எதிர்லயே இருக்குதுன்னு சொல்லுங்க மாமி."

"எனக்கு இருக்கறது ஒரு கை," என்றார் நபீசா. "அதுல சோறு திங்கறதா, உங்க ரெண்டு பேரு பேச்ச எடுத்துக் குடுக்கறதா?"

4

இந்த இடத்தில் ஜெய்னுலாபுதீனைப் பேராசைக்காரராக்கிவிட்டால் கதை சீக்கிரம் முடியும். முயன்றும் பார்த்தேன்: "கல்லாப்பெட்டியைப் போலத் திறந்த அவர் கண்களில்"

அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. டப்பா ஒழுகக் கூடாது, மூடி இறுக வேண்டும். சரக்கு எடுக்கும்போது அவர் பார்ப்பது இந்த இரண்டும்தான். மற்றது எதையும் அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவருடைய மௌனத்தைக் கோபம் என்று வீட்டில் நினைத்தார்கள். நபீசா துப்பிய முகம் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். எத்தனை வீடுகளில் இப்படித் துப்பிவிட்டு, பாய் மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள்?

அரீபாவையும் நான் முழுதாக நம்பவில்லை. எப்போதும் சரியாகவே இருக்கிற மருமகளோடு எனக்கே ஒத்துப்போகாது. ஆகவே ஒரு காலையில், அவசரத்தில், ஃபிரீசரிலிருந்து எடுத்த கண்ணாடி டப்பாவை அப்படியே கொதிக்கிற வெந்நீரில் வைத்தாள். டப்பென்று ஒரு சத்தம். இறைச்சிக் குழம்பும் கண்ணாடிச் சில்லும் ஒன்றாக மிதந்தன.

5

அவளுக்கு லீவு கிடைத்த நாளில் கடைக்குப் போனாள். கல்லாவுக்கு முன்னால் நின்றாள்.

"கண்ணாடி டப்பா ஒன்னு வெடிச்சிருச்சு மாமா. என் தப்புதான்."

ஜெய்னுலாபுதீன் நிமிர்ந்தார். இத்தனை நாளில் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை: "கையில குத்திச்சா?"

"இல்ல."

"அப்பப் போவட்டும். உக்காரு."

உட்காரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். அப்புறம் இன்னொன்று. (செருப்புத் தைக்கிற இடத்திலிருந்து நான் பார்த்தது இதைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

"என்னாத்தத் தேடுற?"

"முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். அஞ்சுன்னா ஓரளவு சூடு தாங்கும். ஆனா நம்பர் மட்டும் போதாது. பக்கத்துல கிளாசும் முள்கரண்டியும் படம் போட்டிருக்கணும். அதான் சாப்பாட்டுக்குன்னு அர்த்தம்."*

அவரும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். இருவரும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பிரித்தார்கள். ஸ்டீல் ஒரு பக்கம். அஞ்சும் படமும் இருப்பது ஒரு பக்கம். எதுவுமே எழுதாதது ஒரு பக்கம். அதுதான் மலைபோல் ஏறிக்கொண்டே போனது.

"ஒன்னும் எழுதலன்னா?"

"கிளிப்பு, ஆணி, ஊசி நூல் போட்டு வச்சிக்கலாம்."

"அல்லாவே," என்று அவர் மலையைப் பார்த்தார். "ஆணி டப்பாவுலயா ஊருக்கே சோறு கட்டிக் குடுத்துட்டிருந்தன்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அரீபாவும் சிரித்தாள்.

(* படம் இருந்தாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, ஆவி போனதும் மூடி, தாமதிக்காமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வேண்டாம். ஸ்டீலை மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். கதையில் இதற்கு இடமில்லை, அதனால் இங்கே.)

6

அப்போதுதான் தில்லையம்மாள் வந்தாள். நோணாங்குப்பத்தில் மீன் விற்கிறவள். படகுத் துறைக்கு வெளியே மீன்குழம்புச் சோறு விற்கவும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

"பாய், அந்தச் செவப்பு டப்பா, அத்தினியும் கட்டு."

அந்த மாதத்தின் பெரிய வியாபாரம். கட்டச் சொன்னது ஆணி மலையை. ஜெய்னுலாபுதீன் சணலைக் கையில் எடுத்தார். அரீபா ஒதுங்கி நின்றாள். கடை அவருடையது.

இங்கே மூன்று வழி தெரிந்தது. அவர் பேசாமல் கட்டிக் கொடுக்கலாம். அப்படியானால் இவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆரோக்கியம் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றலாம். தில்லையம்மாளுக்கு பஸ் போய்விடும். மூன்றாவதைத்தான் அவர் செய்தார்.

"கொழம்ப சூட்டோடயா ஊத்துவ?"

"பின்ன? ஆறிப்போனா எவன் வாங்குவான்?"

"அப்ப இது வேணாம், ஸ்டீல் எடுத்துக்க. சூடு பட்டா வாட வரும், ஒடம்புக்கும் ஆவாது. எங்க வீட்லயே ஆயிடுச்சு."

"இத்தினி நாளா இதான வித்த பாய்?"

"வித்தன். தெரியாம வித்தன்."

"ஸ்டீல குடுத்தா எவன் திருப்பிக் குடுப்பான்? எனக்குப் பொழப்பு ஓட வேணாமா?"

அவள் கேட்டது நியாயம். அரீபா அஞ்சும் படமும் இருந்த பக்கத்தைக் காட்டினாள். "ஆவி போனப்புறம், அடியில இந்த நம்பரும் படமும் இருக்கறதுல ஊத்துங்கக்கா. இப்ப கொஞ்சந்தான் இருக்குது."

தில்லையம்மாள் அதை மட்டும் வாங்கிக்கொண்டாள், முகத்தைக் கோணிக்கொண்டு. மீதிக்கு எதிர்க் கடைக்குப் போனாள். அங்கே தொங்கிய சிவப்பு டப்பாவை எடுத்தாள். எடுத்தவள், கவிழ்த்தாள்.

"இன்னாய்யா இது, அடியில ஒன்னுமே எழுதல?" என்று அவள் போட்ட சத்தம் இந்தப் பக்கம்வரை கேட்டது.

"மீன் விக்கறவ தொண்ட," என்றார் ஜெய்னுலாபுதீன். அன்றைக்குப் போன வியாபாரம் போனதுதான். ஆனால் வெகுநாள் கழித்து அவருக்கு நல்ல பசி எடுத்தது. மருமகளை வண்டியைக் கிளப்பச் சொல்லி, பின்னால் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

7

மலை அப்படியே இருக்கிறது. அவ்வளவையும் குப்பையில் கொட்டினால் கடை தாங்காது. சாயங்காலம் ஜெய்னுலாபுதீன் ஒரு பெரிய அட்டையையும் மார்க்கர் பேனாவையும் எடுத்துவந்து அரீபா முன்னால் வைத்தார்.

"எழுதும்மா. பொய்யும் இருக்கக் கூடாது, சரக்கும் விக்கணும்."

அரீபா "ஆணி டப்பா" என்று எழுதப் போனாள். அவர் மறுத்துத் தலையாட்டினார், விற்காது. "அனைத்தும் போட்டு வைக்கலாம்" என்று அவர் சொன்னார். அவள் மறுத்துத் தலையாட்டினாள், பொய். நானும் நாலைந்து எழுதிப் பார்த்தேன். எதுவும் தேறவில்லை.

பேனா மூடி திறந்தே இருக்கிறது, மை காய்ந்துவிடும். கடை வைத்திருக்கிறவரோ, சோறு கட்டுகிறவரோ, யாராக இருந்தாலும் இதற்கு என்னைவிட நீங்கள் பொருத்தம். அவர்கள் இரண்டு பேரும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுதுங்கள்: