அதே அட்ரஸ்

காரை விற்றுவிடுவது என்று நான் முடிவெடுத்தது கோபத்தில்தான். நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்று பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டேன், அது சும்மா. எங்கள் கல்யாண நாளன்று காலையில் ஜோஸ்வினிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. இரண்டு வருஷமாகத் தனியே இருக்கும் கணவர் கல்யாண நாளில் என்ன எழுதியிருப்பார்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கார் இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்று கம்பெனியிலிருந்து அவருக்கு வந்ததை அப்படியே எனக்கு ஃபார்வர்டு செய்திருந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

சரி, அந்தக் காரே வேண்டாம் என்று அன்று சாயங்காலமே பெருங்களத்தூருக்குப் போனேன். அங்கே தினகரன் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளும் பார்த்துக் கொடுப்பார். வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, வேகன் ஆருக்கு ஆள் ரெடியாக இருப்பதாகச் சொன்னார். பிறகு கையை நீட்டினார்.

"ஆர்.சி. புக்கு குடுக்கா."

"அது அவர்கிட்ட இருக்கும்" என்றேன்.

"வண்டி யார் பேர்ல கீது?"

அதுவும் அவர் பெயரில்தான். தினகரன் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. ஆனால் நல்ல மனுஷன், கேட்கவில்லை.

ஜோஸ்வின் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் போகவே இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவருக்குச் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிறது. பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அது முடிகிற வரைக்கும் பட்டறை மாடியிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று நாலு சட்டையை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார். அதற்கு முந்தின வாரம் முழுக்க எங்களுக்குள் சண்டை. வழக்கமான சண்டைதான். ஏழு மணிக்கு வருகிறேன் என்பார், ஒன்பதரைக்கு வருவார். ஆறின சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு நான் என் வாயைத் திறப்பேன். பிள்ளைகள் இல்லாத வீட்டில் நடுவே புகுந்து பேச்சை மாற்ற ஆளில்லை. ஆர்டர் முடிந்தது. அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. நானாகக் கூப்பிட வேண்டுமா, அவருக்குத் தெரியாதா வழி என்று இருந்தேன். ஒரு வாரம் கேட்காமல் விட்டால் மறு வாரம் கேட்பது இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. அப்படியே இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது விசாரித்தால் ஆர்டர் டைட் என்பேன். இரண்டு வருஷமாக ஒரே ஆர்டர்.

அன்று வீட்டுக்கு வந்து, அவரை போனில் கூப்பிட்டேன். இது சுத்தமாகக் கார் விஷயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"ஆர்.சி. உங்ககிட்டதானே இருக்கு?"

"உன்கிட்ட இல்லையா? டாஷ்போர்டுலதானே வெச்சிருந்தேன்."

தன் பெயரில் இருக்கிறதென்று ஆர்.சி.யைக்கூட எடுத்துக்கொண்டு போனாரே என்று இத்தனை நாளும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவரோ அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இருவருமே கேட்கவில்லை.

அப்புறம் இரண்டு பேருமாக யோசித்ததில் மிக்ஜாம் மழை ஞாபகத்துக்கு வந்தது. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரப்போகிறது என்றதும், ஊரே செய்த மாதிரி நாங்களும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினோம். டாஷ்போர்டைக் காலி செய்து எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டோம். கவரை அவர் எடுத்துக்கொண்டார் என்று நானும், நான் எடுத்துக்கொண்டேன் என்று அவரும் நினைத்து, அதை விட்டுவிட்டு நடந்தோம். முழங்கால் தண்ணீரில் என் செருப்பு ஒன்று கழன்று மிதந்து போனது. அதைப் பிடிக்கப் போய் அவர் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். நான் நடுத்தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் உட்கார்ந்தபடியே சிரித்தார். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. அதை போனில் நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு ஆர்.சி.?" என்று கேட்டார்.

"வண்டியை விக்கப் போறேன்."

"சரி" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்றாவது கேட்டிருக்கலாம். அந்தச் 'சரி'யை நாலு நாள் என்னால் முழுங்க முடியவில்லை.

தினகரன் வேலையை ஆரம்பித்தார். முதலில் போலீஸ் இணையதளத்தில், ஆவணம் தொலைந்துவிட்டது என்று பதிவு செய்து ரசீது எடுக்க வேண்டும். அது சுலபமாக முடிந்தது. அடுத்தது புது ஆர்.சி.க்கு விண்ணப்பம். அதற்கு ஓ.டி.பி. வேண்டும். அது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனுக்குத்தான் போகும். தினகரன் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் ஜோஸ்வினைக் கூப்பிட்டேன். பின்னால் பட்டறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் சத்தம் நின்றது. நம்பரை இரண்டிரண்டாகப் பிரித்து, நான் எழுதிக்கொள்ள இடம் விட்டு நிதானமாகச் சொன்னார். வீட்டில் காஸ் புக் செய்யும்போதும் அப்படித்தான் சொல்வார். எத்தனை நாளாயிற்று அவர் அப்படிச் சொல்லிக் கேட்டு. என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. தினகரன் திரும்பிக் கேட்பதற்குள் நேரம் கடந்து, அந்த நம்பர் செல்லாது என்று வந்துவிட்டது.

இன்னொரு முறை கூப்பிட்டேன். இந்த முறை சரியாகத்தான் எழுதினேன். தினகரனிடம்தான் கடைசி இரண்டு எண்களை மாற்றிச் சொன்னேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் மாணவிகளே நம்ப மாட்டார்கள்.

"இன்னாக்கா, இன்னிக்கு ஒரே பேஜாரா கீது" என்று தினகரன் தலையைச் சொறிந்தார்.

மூன்றாவது தடவை ஜோஸ்வினே கேட்டார். "எழுதிட்டியா? இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்றேன். திரும்பவும் சொன்னார். அவசரமே படவில்லை.

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு என்னை வண்டியைக் கொண்டுவரவும், ஜோஸ்வினைக் கையெழுத்துப் போட வரவும் சொல்லியிருந்தார் தினகரன். நான் பள்ளிக்கு லீவு போட்டேன். எந்தப் புடவை என்று பீரோ முன்னால் நின்று யோசித்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு யாராவது இப்படி யோசித்துப் போவார்களா என்று என்னையே திட்டிக்கொண்டு, அவருக்குப் பிடித்த பச்சையைத் தவிர்த்து வேறொன்றைக் கட்டினேன். கதவைப் பூட்டப் போனவள் திரும்பி வந்து பச்சையையே கட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு வரச் சொன்னதற்கு ஜோஸ்வின் எனக்கு முன்னாலேயே வந்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அதுவே எனக்குப் புதுசு. மெலிந்திருந்தார். சட்டைக் கையில் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். முன்பெல்லாம் அப்படிப் பட்ட சட்டையை அடுத்த நாளே நான் கரித்துணியாக்கிவிடுவேன். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். நீங்கள் என்று கேட்கவில்லை. கேட்க வாய் வரை வந்தது.

சேசிஸ் நம்பரைப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் காகிதத்தில் ஏறிவிடும். அதற்கென்று இருக்கும் பையனை தினகரன் கூப்பிடப் போனார். அதற்குள் ஜோஸ்வின் பானெட்டைத் திறந்து குனிந்துவிட்டார். இரும்பு என்றால் அவர் கை சும்மா இருக்காது. காகிதத்தின் இரண்டு ஓரத்தையும் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"அசையாம பிடி, ஜோ."

ஜோவிதா என்ற என் பெயரைப் பாதியாக்கிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். காகிதம் நழுவியது. பிடி பிடி என்று அவர் இடது கையை என் கை மேல் வைத்து அழுத்திக்கொண்டு வலது கையால் தேய்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தன. இந்தக் கம்பெனிக்காரர்கள் இன்னும் நாலு எண் சேர்த்து வெட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

உள்ளே கவுன்டரில் இருந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, முகவரி பீர்க்கன்கரணைதானா, மாற்றம் எதுவும் உண்டா என்று கேட்டார். ஆர்.சி. கார்டு இப்போதெல்லாம் கையில் கிடைக்காதாம், ஸ்பீட் போஸ்டில்தான் வருமாம். அந்த முகவரியில் ஆள் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுமாம்.

தினகரன் ஜோஸ்வின் காதருகே போனார். மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். "சார், நீ அங்க இல்லன்னா இப்பவே மாத்திடு. அப்பால அலைய வுட்டுடுவாங்க."

நான் சுவரில் ஒட்டியிருந்த சாலை விதிப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருமுடிவாக்கம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிடும்.

"அதே அட்ரஸ்தான் மேடம்" என்றார் ஜோஸ்வின்.

கவுன்டர் அம்மாள் நிஜமாகவா என்பது போல் நிமிர்ந்து பார்த்தார். ஜோஸ்வின் திரும்பவும் அதையே சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கிளட்ச் போய்விட்டது, பிளேட் மாற்ற வேண்டும் என்றார். வாங்குகிறவர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்றேன். என் நாக்கை என்ன செய்ய? அவர் முகம் சின்னதாகிவிட்டது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு பைக்கில் ஏறிப் போனார். வெளிவட்டச் சாலைப் பக்கம் அவர் பைக் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரத்தில்தான் கொஞ்ச நேரம் இருந்தார்.

அதன் பிறகு கார்டு வரவே கூடாது என்று ஆசைப்பட்டேன். வந்துவிட்டால் தினகரன் சொன்ன ஆள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஜோஸ்வினைக் கூப்பிட எனக்கு வேறு காரணம் இருக்காது. தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போன நாளெல்லாம் நல்ல நாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேட்டில் மணி அடித்தது. தபால்காரர் கையில் உறையோடு நின்றார். புதியவர், சின்ன வயசு. ஜோஸ்வின் இருக்கிறாரா என்று கேட்டார்.

இல்லை என்று பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"இங்க இல்லீங்களா? அப்ப ரிட்டர்ன் போட்டுடறேன்" என்று உறையின் மேல் எழுதப் பேனாவை எடுத்தார்.

"இல்லைன்னா, இப்ப இல்லை" என்றேன் அவசரமாக. "இங்கதான் இருக்கார். வேலைக்குப் போயிருக்கார். சாயங்காலம் வந்துடுவார்."

இரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. சொன்ன பிறகு எனக்கே காதில் கேட்டது. எத்தனை சாதாரண வாக்கியம். தெருவில் எல்லா வீட்டிலும் யாரோ ஒருத்தி தினமும் யாரிடமோ சொல்வது.

தபால்காரர் உறவு என்ன என்று கேட்டார். மனைவி என்றேன். அவருடைய போனில் விரலால் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. அவர் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உறையில் ஜோஸ்வின் பெயர், கீழே எங்கள் வீட்டு எண், எங்கள் தெரு. அழுகை வந்தது, அழுதேன். தினகரனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும், கார்டு வந்ததும் சொல்லச் சொல்லியிருந்தார். கூப்பிடவில்லை.

ஜோஸ்வின் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆர்.சி. வந்துடுச்சு" என்றேன்.

"சரி."

இந்தச் 'சரி'யை நான் விடுவதாக இல்லை. "போஸ்ட்மேன் உங்களைக் கேட்டார். வேலைக்குப் போயிருக்கீங்க, சாயங்காலம் வந்துடுவீங்கன்னு சொல்லிட்டேன்."

கிரைண்டர் நின்றது. லைன் போய்விட்டதா என்று நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"எத்தனை மணிக்கு வருவேன்னு சொன்னே?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்கு" என்றேன். "லேட் பண்ணாதீங்க."