இரண்டாவது நோட்டு

ருக்மிணி கையால் தைத்த நோட்டுகளை இதுவரை நூற்றுப் பதினோரு பேர் வாங்கியிருந்தார்கள். இரண்டாவது நோட்டு கேட்டு ஒருவரும் வரவில்லை.

வங்கியில் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துத் தொடங்கிய தொழில். ஆகஸ்டோடு விடுப்பு முடிகிறது. அதற்குள் வாங்கியவர்களில் ஒருவராவது திரும்பி வராவிட்டால் ஊசியையும் நூலையும் கட்டி வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதைக் கணவன் சந்திரமௌலியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"நீ போடற தையல் பிரியவே பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் யாருடி திரும்பி வருவா? கொஞ்சம் மோசமாத் தைச்சுப் பாரேன்" என்றான் அவன்.

அவளோ இன்னும் நல்ல தாள் வாங்கினாள். பருத்தி அட்டையை மாற்றிப் மராட்டியப் பைட்டணிப் பட்டுத் துண்டு ஒட்டினாள். விமான் நகர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவள் மேஜைக்கு வந்தவர்கள் நோட்டைத் தடவிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், வாங்கினார்கள். எல்லாரும் புதியவர்கள்.

ஜூனில், வாங்கியவர்களில் முப்பது பேருக்கு வாட்ஸப்பில் எழுதினாள்: நோட்டில் என்ன குறை? இருபத்தொன்பது பேரிடமிருந்து இதயங்கள் வந்தன. கோர்படி ரயில்வே காலனியிலிருந்து அமலா டீச்சர் மட்டும், "வீட்டுக்கு வாங்க, பேசலாம்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

போனாள். அமலா டீ கொடுத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். கல்யாணப் புடவைக்கு அடியில், சுற்றிய தாள்கூடப் பிரிக்காமல் நோட்டு இருந்தது.

"எழுதவே இல்லையா?"

"அரே, இதுல எப்படிங்க எழுதறது? என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஏதாவது நல்லதா எழுதணும்னு எடுப்பேன். நல்லதா ஒண்ணும் தோணாது. திருப்பி வெச்சிடுவேன்."

"அப்ப தினம் எதுல எழுதறீங்க?"

அமலா ஜன்னலோரம் கைகாட்டினாள். இன்ஷூரன்ஸ்காரர் கொடுத்த டைரி. முனை மடங்கி, மஞ்சள் கறை பட்டு, காய்கறி லிஸ்டும் பிள்ளைகள் மார்க்கும் நிறைந்து உப்பிக் கிடந்தது. ருக்மிணி அதை எடுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கமாக, கடைசி வரை. வெளியே ஒரு சரக்கு ரயில் முழுதும் போய் முடிந்தது.

"நானும் என் நோட்டுல எழுதினதில்ல" என்றாள் ருக்மிணி. "பொண்ணோட பழைய கணக்கு நோட்டுலதான் அளவெல்லாம் குறிச்சுப்பேன்."

"பாத்தீங்களா! உங்களுக்கே கை வரல. என்னைக் குறை சொல்றீங்க!"

ருக்மிணி புது நோட்டைச் சுற்றிய தாளைப் பிரித்தாள். மேஜை மேல் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பக்கத்தில், "அமலா வீட்டு டீயில் இஞ்சி அதிகம்" என்று எழுதினாள். 'அதிகம்' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ரொம்ப' என்று கிறுக்கினாள்.

"ஐயோ, போச்சு! எழுநூறு ரூபா நோட்டுங்க அது!"

"இனிமே எழுதலாம்."

அன்றைக்குத் திரும்பியதும் பட்டுத் துண்டுகளைக் கட்டிப் பரண்மேல் வைத்தாள். சாயம் போடாத காடாத்துணியில் அட்டை, கோடு போட்ட சாதாரணத் தாள், பாதி விலை. சந்தையில் யார் வாங்கினாலும் முதல் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினாள்: இன்றைக்கு வீட்டுக்கு என்ன வாங்க வேண்டும், எழுதுங்கள். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு நோட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் இருபது வரை பழையவர் யாரும் வரவில்லை. வேலைக்குத் திரும்புகிறேன் என்று வங்கிக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள்.

இருபத்து நான்காம் தேதி அமலாவின் குரல் பதிவு வந்தது.

"ருக்மிணி, நோட்டு தீந்து போச்சு. பின் அட்டையில எல்லாம் எழுதிட்டேன். இன்னொண்ணு வேணும். பட்டு கிட்டு ஒட்டி வெக்காதீங்க, சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை சந்தை முடிஞ்சதும் வாங்க, டீல இஞ்சி கம்மியாப் போடறேன்."

ருக்மிணி அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு ஊசியில் நூல் கோத்தாள்.